பாடசாலைப் பொருட்பதிவேடு: பூட்டி வைக்கவா, பாவிக்கவா?

மூதூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற டீச்சர் ஒருவரின் கேள்வி இது. சுருக்கித் தருகிறேன்: "பொருட்பதிவேட்டுக்குப் பொறுப்பாக இருந்த சேர் இடமாற்றம் கிடைத்துப் போகிறார். 'கொம்பியூட்டர் தெரிந்த ஆள்' என்று அதிபர் அதை என்னிடம் தரப்போகிறார். புத்தகத்தில் இருப்பதும் அறைகளில் இருப்பதும் ஒத்துவரவில்லை. ஒரு லாப்டொப்பைக் காணவில்லை. பழையது ஒன்றை வாங்கி வைத்தால் சரி என்கிறார்கள். இந்த வருட அரச நிதியில் ஒரு புரொஜெக்டரும் சில லாப்டொப்புகளும் வரவிருக்கின்றன. வந்ததும் அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொல்கிறார் அதிபர், ஓடிட்டில் மாட்டுப்படக் கூடாதாம். மற்ற ஆசிரியர்களோ பாடத்துக்குக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் எக்ஸெலில் போட்டு வைத்தால் போதுமா?"

வலயக் கல்வி அலுவலகம் ஒன்றின் கணக்குக் கிளையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலைகளின் பொருட்பதிவேடுகளைப் புரட்டியே தலை நரைத்தது. அந்த உரிமையில் சொல்கிறேன், டீச்சர்: உங்கள் அதிபரின் பயம் நியாயமானது, அவர் கண்ட மருந்துதான் பிழை. பதிவேடு ஒழுங்காக இருக்கிற பாடசாலையில்தான் பொருளைத் துணிந்து வெளியே எடுக்கலாம். பதிவேடு குழம்பிக் கிடக்கிற இடத்தில்தான் எல்லாம் அலுமாரிக்குள் போகிறது, உள்ளே இருந்தே பழுதாகிறது.

முதலில் பொறுப்பேற்பைப் பார்ப்போம். எண்ணிப் பார்க்காமல் ஒப்பம் வைக்க வேண்டாம். "எல்லாம் சரியாத்தான் இருக்கு, நீங்க சைன் பண்ணுங்க, பிறகு பார்ப்பம்" என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள். அந்தச் சேரும் பாவம், விடுவிப்புக் கடிதம் கையில் கிடைத்தால் போதும் என்று நிற்பார். ஆனால் "பொறுப்பேற்றுக்கொண்டேன்" என்ற வரியின் கீழ் உங்கள் ஒப்பம் விழுந்த நிமிடத்திலிருந்து, புத்தகத்தில் இருக்கிற அத்தனையும் உங்கள் கையில் இருப்பதாகத்தான் கணக்கு. காணாமல்போன லாப்டொப்பும் அதற்குள் அடக்கம்.

அவர் பாடசாலையை விட்டுப் போக முன்பு அவரையும் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போங்கள். முடிந்தால் பிரதி அதிபரும் கூட வரட்டும். ஒரு தாளில் நான்கு நிரல் போதும்: பொருள், புத்தகத்தில் உள்ள எண்ணிக்கை, கையில் உள்ள எண்ணிக்கை, வேறுபாடு. குறைந்தது, கூடியது, உடைந்தது எல்லாம் வேறுபாட்டு நிரலில் வரட்டும். கடைசியில் இருவரும் திகதியிட்டு ஒப்பமிட்டு, அதிபரின் ஒப்பத்தையும் எடுத்து, மூன்று பிரதி வையுங்கள். ஒன்று பாடசாலைக் கோவைக்கு, ஒன்று போகிறவருக்கு, ஒன்று உங்களுக்கு. பிறகு பதிவேட்டில் "இத்துடன் இணைக்கப்பட்ட வேறுபாட்டு அறிக்கைக்கு உட்பட்டுப் பொறுப்பேற்றேன்" என்று எழுதி ஒப்பமிடுங்கள். யாரையும் குற்றம் சாட்டுகிற வரி இல்லை இது. எந்த நாளில் எது இருந்தது என்று சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் நாளைக்கு உங்களைக் காப்பாற்றப்போவது இதுதான்.

கூடுதலாக இருக்கிற பொருட்களை ஆட்கள் கவனிப்பதில்லை. குறைந்தால்தான் பிரச்சினை, கூடினால் நல்லதுதானே என்ற நினைப்பு. எங்கள் மாவட்டத்தில் இது பெரிய கதை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மூதூர், கிண்ணியா, குச்சவெளிக் கரையோரப் பாடசாலைகளுக்குத் தொண்டு நிறுவனங்கள் கதிரை, மேசை, கணினி என்று கொண்டுவந்து இறக்கின. 2006 இல் இடம்பெயர்ந்த மூதூர், சம்பூர்ச் சனம் பிற்காலத்தில் திரும்பி வந்த பிறகும் அப்படித்தான். படம் எடுத்தார்கள், கையளிப்பு விழா வைத்தார்கள், புத்தகத்தில் மட்டும் பலதும் ஏறவில்லை. பழைய மாணவர் தந்த மின்விசிறிகளும் வெளிநாட்டிலிருந்து வந்த போட்டோகொப்பி மெசினும் இதே வகை. பதிவில் இல்லாத பொருள் ஒருநாள் மதிலுக்கு வெளியே போனாலும் கேட்க நாதியில்லை. ஆகவே எண்ணும்போது கண்ட மேலதிகப் பொருட்களை, "கணக்கெடுப்பின்போது காணப்பட்டது" என்ற குறிப்போடு அன்றைய திகதியில் ஏற்றுங்கள். நன்கொடைக் கடிதம் இருந்தால் இணையுங்கள். விலை தெரியாவிட்டால் மதிப்பிட்ட பெறுமதி என்று குறிப்பிட்டுப் போடலாம். அதிபரின் ஒப்பம் கட்டாயம்.

இனி வரப்போகிற புதுப் பொருட்களுக்கு வருவோம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

அரச காசு எங்களுக்கு வருகிற விதமே ஒரு சிக்கல். நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31 இல் முடிகிறது. ஒதுக்கீடு தெரிய வந்து, காசு உண்மையில் விடுவிக்கப்பட்டு, விலைமனுக் கோரி, யாரிடம் வாங்குவது என்று தீர்மானிக்கிற பெறுகைக் குழு கூடி முடிய வருடக் கடைசி ஆகிவிடும். செலவழிக்காத ஒதுக்கீடு வருடத்தோடு காலாவதி. ஆகவே மாரி மழை கொட்டுகிற டிசம்பரில், பரீட்சை வேலைக்கும் விடுமுறைக்கும் நடுவில், ஒரு பின்னேரம் லொறி வந்து நிற்கும். சாரதி அவசரப்படுவார், சிற்றூழியர் ஒருவர்தான் நிற்பார், விநியோகச் சீட்டில் யாரோ ஒப்பமிட்டுப் பெட்டிகளை அலுவலகத்துக்குள் தள்ளிவிடுவார்கள். பாதிப் பிழை அந்தப் பின்னேரத்திலேயே நடந்து முடிந்துவிடும்.

அவசரம் என்றாலும் பெட்டியைத் திறக்காமல் ஏற்காதீர்கள். திறக்க நேரம் இல்லையென்றால் விநியோகச் சீட்டில் "பெட்டிகள் மட்டும் பெறப்பட்டன, உள்ளடக்கம் பரிசோதிக்கப்படவில்லை" என்று எழுதி ஒப்பமிடலாம். அதற்கு ஒரு கடைக்காரரும் மறுப்புச் சொல்ல முடியாது. மறுநாள் அதிபர் நியமித்த இரண்டு மூன்று பேர் இருந்து திறந்து பாருங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கிற தொடரிலக்கம், இயந்திரத்தின் அடியில் இருக்கிற தொடரிலக்கம், பட்டியலில் (பில்லில்) இருக்கிற தொடரிலக்கம் மூன்றும் ஒன்றா? லாப்டொப் என்றால் இயக்கிப் பாருங்கள். நீங்கள் கொம்பியூட்டர் டீச்சர், பயொஸ் திரையில் தொடரிலக்கம் வருவது தெரிந்திருக்கும். விலைமனுவில் எட்டு ஜிபி நினைவகம் கேட்டிருந்தால் எட்டுத்தான் இருக்கிறதா என்று அந்த மேசையிலேயே பார்த்துவிடுங்கள். காசோலை போன பிறகு இந்தக் கேள்வியைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை.

பிறகு பதிவு. ஒழுங்கு முக்கியம்: முதலில் பொருட்பதிவேட்டில் ஏறும், பிறகு பட்டியலின் முகத்தில் "பொருட்பதிவேட்டின் இத்தனையாம் பக்கத்தில் பதியப்பட்டது" என்று எழுதி ஒப்பம் விழும், அதற்குப் பிறகுதான் வவுச்சர் கொடுப்பனவுக்குப் போகும். இந்த ஒரு வரி பட்டியலில் இருந்தால், காசு போன வழியும் பொருள் வந்த வழியும் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும். கணக்காய்வுக்கு வருகிறவர் முதலில் தேடுவதும் அதைத்தான். வவுச்சரை எடுப்பார், பக்க இலக்கத்தைப் பார்ப்பார், அந்தப் பக்கத்தைத் திறப்பார், தொடரிலக்கத்தைக் குறித்துக்கொண்டு அறைக்குப் போவார். இந்தச் சங்கிலி அறாமல் இருந்தால் அவர் தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

எந்தக் காசு என்ற நிரலை விடாதீர்கள். தர உள்ளீட்டுப் பணமா (கற்றல் கற்பித்தல் பொருட்களுக்கென்று அரசு தருவது), மாகாணக் குறித்தொதுக்கப்பட்ட நன்கொடையா, பன்முகப்படுத்தப்பட்ட நிதியா, உலக வங்கியின் உதவியில் நடந்த பொதுக் கல்வி நவீனமயமாக்கல் போன்ற ஒரு திட்டமா, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் சொந்தப் பணமா என்பதை ஒவ்வொரு பதிவிலும் எழுதுங்கள். காரணம், கேட்க வருகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். திட்டக் காசுக்குக் கணக்குப் பார்க்க வருகிறவருக்கு உங்கள் மற்றக் கதிரை மேசை பற்றி அக்கறை இல்லை. தன் திட்டத்தில் வாங்கியது எது, எங்கே இருக்கிறது என்றுதான் கேட்பார். நிரல் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லாவிட்டால் பழைய வவுச்சர்க் கட்டுகளை அவிழ்க்க வேண்டும், அதுவும் கறையான் விட்டு வைத்திருந்தால்.

அபிவிருத்திச் சங்கம் வாங்கியது அரச சொத்து இல்லை, அதை எழுதத் தேவையில்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். பாடசாலைக்கென்று வந்தது எதுவும் ஒரே புத்தகத்தில் ஏற வேண்டும்.

சில பொருட்கள் கொழும்பிலிருந்து நேரே வரும். மஹிந்தோதய என்ற அரச திட்டத்தில் கட்டிய பாடசாலை ஆய்வுகூடங்களுக்கு வந்ததுபோல, அமைச்சே வாங்கி லொறியில் அனுப்பும். பட்டியலும் இருக்காது, விலையும் தெரியாது. விலை தெரியவில்லை என்று பதியாமல் விடுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. விநியோகச் சீட்டை வைத்து எண்ணிக்கையையும் தொடரிலக்கத்தையும் உடனே ஏற்றிவிட்டு, பெறுமதி கேட்டு வலயத்துக்குக் கடிதம் எழுதி அதன் பிரதியைக் கோவையில் போடுங்கள். பதில் வந்த அன்று விலை நிரலை நிரப்பலாம்.

வெண்கட்டி, ஏ4 தாள், ரோனர், ஆய்வுகூட இரசாயனம் போன்ற தீர்ந்துபோகிற சாமான்கள் வேறு இருப்பேட்டில். அங்கே வரவு, கொடுப்பு, மீதி என்று ஓடும். இரண்டையும் ஒரே புத்தகத்தில் கலந்தால் ஒரு வருடத்தில் யாருக்கும் விளங்காது.

இலக்கமிடுதல் பற்றி ஒரு வார்த்தை. புத்தகத்தில் "பிளாஸ்டிக் கதிரை 60" என்று இருக்கும், அறைகளில் 57 இருக்கும், எந்த மூன்று காணோம், எந்த வருடத்து மூன்று என்று யாராலும் சொல்ல முடியாது. பாடசாலைக் குறியீடு, பொருள் வகை, வருடம், வரிசை எண் என்று ஒரு இலக்கம் போடுங்கள். காகித ஸ்டிக்கரை நம்பாதீர்கள். எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கும் புழுக்கத்துக்கும் அது ஒரு மாரியைத் தாங்காது. மரத்துக்கும் இரும்புக்கும் எனமல் பெயின்ற். இரும்பில் துருவைச் சுரண்டிவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் இலக்கமும் துருவோடு கழன்று விழும். லாப்டொப்பில் கழற்றக்கூடிய மூடியிலோ மின்கலத்திலோ எழுத வேண்டாம், உடலில் எழுதுங்கள். புரொஜெக்டருக்கு ஒரு இலக்கம் போதாது. அதன் ரிமோட், மின்கம்பி, எச்டிஎம்ஐ கேபிள், பை எல்லாவற்றிலும் அதே இலக்கத்தை எழுதி, பதிவேட்டில் துணைப்பொருட்கள் என்று அதே வரியில் குறியுங்கள். புரொஜெக்டர் தொலைந்த பாடசாலை குறைவு. ரிமோட் தொலைந்ததால் கூரையில் தொங்கிக்கொண்டு சும்மா கிடக்கிற புரொஜெக்டர்கள்தான் கூட.

இப்போது பூட்டுகிற கதை. உங்கள் அதிபருக்கு இந்தப் பந்தியை வாசித்துக் காட்டலாம்.

கடற்கரை ஊரில் மின்சாதனத்தை மாதக்கணக்கில் பூட்டி வைப்பது அதைக் கொல்வதற்குச் சமன். மாரிக் காலத்து ஈரம் அலுமாரிக்குள் நின்றுவிடும். நுணுக்குக்காட்டியின் வில்லையிலும் புரொஜெக்டரின் வில்லையிலும் பூஞ்சணம் வெள்ளை நூல்போலப் படரும், துடைத்தாலும் போகாது. யூபிஎஸ் மின்கலத்தைச் சார்ஜ் செய்யாமல் ஆறு மாதம் விட்டால் பிறகு அது வெறும் பாரம். லாப்டொப் மின்கலத்தை முழுக்க இறங்கிய நிலையில் வைத்துப் பூட்டினாலும் இதே கதிதான். பூட்டித்தான் வைக்க வேண்டும் என்றால் பாதிச் சார்ஜில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்து இயக்கி, அந்தத் திகதியை ஒரு தாளில் குறியுங்கள். சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, ஈரம் இழுத்ததும் மாற்றுங்கள். ஆனால் இதைவிட நல்ல வழி, பிள்ளைகளுக்கு அதைக் காட்டுவதுதான்.

பாவிப்பில் பழுதாவதும் காணாமல்போவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. இயல்பான தேய்மானத்தில் பழுதான பொருளுக்குப் பரிந்துரை எடுத்து, அனுமதி எடுத்து, புத்தகத்திலிருந்து நீக்க வழி இருக்கிறது. களவு, கவனயீனம் என்றால்தான் விசாரணை. 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்த பிறகு மிகைக்கட்டணம் (நட்டத்தைப் பொறுப்பானவரிடமே அறவிடுவது) என்ற சொல்லைக் கேட்டாலே அதிபர்மார் நடுங்குகிறார்கள். அந்தச் சட்டம் தேடுவது மோசடியையும் அலட்சியத்தையும். பாடத்துக்குப் பாவித்த புரொஜெக்டரின் விளக்கு மூவாயிரம் மணி ஓடி முடிந்தது யாருடைய குற்றமும் இல்லை. எத்தனை மணி ஓடியது என்பதைப் புரொஜெக்டரே தன் மெனுவில் காட்டும், விளக்கு மாற்றும்போது அந்த எண்ணையும் எழுதிவிடுங்கள். மாறாக, அரச காசில் வாங்கிய பொருள் பெட்டி பிரிக்காமல் மூன்று வருடம் கிடந்தால் அதுவே ஒரு கணக்காய்வு ஐயவினா. பயன்படுத்தப்படாத சொத்து என்று அறிக்கையில் வரும். பூட்டி வைத்தால் மாட்டுப்பட மாட்டோம் என்பது தப்புக் கணக்கு.

வெளியே கொடுப்பதற்கு இரண்டு அடுக்கு வையுங்கள். அறைக்கு நிரந்தரமாகப் போனவற்றுக்கு அறைப் பட்டியல்: ஆய்வுகூடம், கணினி அறை, நூலகம், வகுப்பறை ஒவ்வொன்றிலும் கதவின் பின்பக்கம் ஒரு தாள், அந்த அறையில் என்னென்ன இருக்கிறது என்று, பொறுப்பாசிரியரின் ஒப்பத்தோடு. அதன் பிரதி உங்கள் கோவையில். அப்போது பாடசாலை முழுவதையும் நீங்கள் தனியாகச் சுமக்கத் தேவையில்லை; விஞ்ஞான டீச்சர் நுணுக்குக்காட்டிக்குப் பதில் சொல்வார், விளையாட்டுச் சேர் ஈட்டிக்கும் குண்டுக்கும் பதில் சொல்வார். அன்றாடம் கைமாறுகிற புரொஜெக்டர், லாப்டொப், ஒலிபெருக்கிக்கு ஒரு சாதாரணக் கொப்பி: யார், எந்த வகுப்பு, எத்தனை மணிக்கு, துணைப்பொருட்கள் எவை, திருப்பித் தந்த நேரம், ஒப்பம். கொப்பி அலுமாரிச் சாவிக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கட்டும். எழுதாமல் சாவி இல்லை என்பதில் மட்டும் இறுக்கமாக இருங்கள், பிரதி அதிபர் கேட்டாலும்தான். முதல் இரண்டு கிழமை முகம் சுளிப்பார்கள். பிறகு "மிஸ், கொப்பி எங்க?" என்று அவர்களே கேட்பார்கள்.

மதிலுக்கு வெளியே போவதற்கு அதிபரின் எழுத்துமூல அனுமதி வேண்டும், வாயிலில் காவலாளியிடம் ஒரு பிரதி வேண்டும். பேண்ட் வாத்தியம் வலய விளையாட்டுப் போட்டிக்குப் போனாலும், கதிரைகள் பக்கத்துப் பாடசாலை ஒளிவிழாவுக்குப் போனாலும் இதுதான். திருத்த வேலைக்குத் திருகோணமலை நகரத்துக்குப் பொருள் அனுப்பும்போது கடைக்காரரிடம் தொடரிலக்கம் எழுதிய வேலைச்சீட்டு வாங்குங்கள். வன்தட்டின் தொடரிலக்கத்தையும் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். போனது ஒன்று, வந்தது வேறொன்று என்ற வழக்குகள் எனக்குத் தெரியும். கடையில் ஐந்தாறு மாதம் கிடந்து, கொண்டுபோய்க் கொடுத்த சேர் இடமாற்றமாகி, கடைக்காரரும் கடையை மாற்றிய பிறகு தேடுவது பெரும்பாடு. மாத முடிவில் "திருத்தத்தில் உள்ளவை" என்ற தாளை ஒருமுறை பாருங்கள், தொலைபேசியில் ஒரு அழைப்பு எடுங்கள்.

எங்கள் பக்கத்துக்கு என்றே ஒரு விசயம் இருக்கிறது, வெள்ளம். மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற பிரதேசம் உங்களுடையது. வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர், கிண்ணியா எல்லாம் பள்ளக்காணி. மாரியில் தண்ணீர் ஏறினால் பாடசாலைதான் நலன்புரி நிலையம். கிராம உத்தியோகத்தர் இரவு பத்து மணிக்கு வந்து சாவி கேட்பார். கொடுக்கத்தான் வேண்டும், சனம் மழையில் நிற்கும்போது பதிவேடு பேசுகிற நேரமில்லை. ஆகவே மழை தொடங்க முன்பே, ஒக்டோபர் மாதத்திலேயே, மின்சாதனங்களை மேல்மாடி அறை ஒன்றுக்கோ, மாடி இல்லையென்றால் உயர்ந்த தட்டுகளுக்கோ மாற்றி, அந்த அறையின் பட்டியலை எழுதி வையுங்கள். சனத்துக்குக் கொடுக்கிற அறைகளில் என்ன கதிரை, என்ன மேசை, எத்தனை மின்விசிறி என்று கைபேசியில் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். முகாம் கலைந்த பிறகு கிராம உத்தியோகத்தரையும் வைத்துக்கொண்டு எண்ணி, உடைந்ததை எழுதி அவரின் ஒப்பத்தை எடுங்கள். பிரதேச செயலகத்திடம் இழப்பீடு கேட்பதோ, பிறகு பதிவழிப்பதோ (புத்தகத்திலிருந்து நீக்குவதோ), இரண்டுக்கும் அந்தத் தாள் வேண்டும். வாக்கெடுப்பு நிலையமாகப் பாடசாலையைக் கொடுக்கும்போதும் இதையே செய்யலாம்.

சரி, காணாமல்போன லாப்டொப். பழையது ஒன்றை வாங்கி வைக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். தொடரிலக்கம் ஒத்துவராது, ஒத்துவராத பொருளை அரச பதிவில் காட்டுவது, தொலைத்ததைவிடப் பெரிய குற்றமாக மாறும். அதுவும் நீங்கள் பொறுப்பேற்க முன்பு போன பொருளுக்கு நீங்கள் காசு கொடுப்பது எந்த நியாயம்? வேறுபாட்டு அறிக்கையில் அது வரட்டும். அதிபர் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு உடனே அறிவிக்க வேண்டும், களவு என்ற சந்தேகம் இருந்தால் பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தையும் எடுக்க வேண்டும். அரச பணத்துக்கான விதிகளில், அதாவது நிதிப் பிரமாணம் 104 இன் கீழ், நட்டம் பற்றி ஏழு நாட்களுக்குள் ஆரம்ப அறிக்கை, மூன்று மாதத்துக்குள் முழு அறிக்கை என்பது ஒழுங்கு. மாகாணப் பாடசாலை என்றால் மாகாண நிதி விதிகளையும் வலயத்தின் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிந்தினாலும் அறிவிப்பதுதான் புத்தி. தாங்களாக அறிவித்த நட்டத்தையும், வந்தவர் கண்டுபிடித்த நட்டத்தையும் விசாரணை அதிகாரி ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

உடைந்து கிடப்பவை அடுத்தது. எந்தப் பாடசாலைக்குப் போனாலும் மேடைக்குப் பின்னாலோ சைக்கிள் தரிப்பிடத்திலோ கால் போன மேசைகளும் பழைய பெட்டித் திரைக் கணினிகளும் குவிந்து கிடக்கும். பாம்புக்கும் நுளம்புக்கும் நல்ல இடம். நிதிப் பிரமாணம் 756 இன்படி வருடா வருடம் பொருட் கணக்கெடுப்பு, எங்கள் வாய்ப்பேச்சில் "போர்ட் ஒஃப் சேவே", நடக்க வேண்டும். கணக்கெடுக்க வருகிறவர்கள் உங்கள் பொருளுக்குப் பொறுப்பில்லாதவர்களாக இருக்க வேண்டும். வழக்கமாக வலயம் வேறு பாடசாலை ஆசிரியர்களை நியமிக்கும். அவர்கள் வருகிற அன்று பாவிக்க முடியாதவற்றைத் தனியாக அடுக்கி, இலக்கம் தெரியும்படி வைத்து, பட்டியலும் ஆயத்தமாக இருந்தால், எதைத் திருத்தலாம், எதை ஏலத்தில் விடலாம், எதை அழிக்கலாம் என்று அவர்கள் எழுதுவார்கள். 770, 772 ஆம் பிரமாணங்கள் இந்த அகற்றுதல் பற்றியவை. எழுத்துமூல அனுமதி கையில் வருமட்டும் ஒரு உடைந்த கதிரையைக்கூடப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்காதீர்கள். இதில்தான் நல்ல அதிபர்மாரும் மாட்டியிருக்கிறார்கள்: இடத்தைத் துப்புரவாக்க நினைத்து விற்றார்கள், காசை அபிவிருத்திச் சங்கத்துக்குத்தான் போட்டார்கள், ஆனாலும் அனுமதி இல்லாமல் அரச சொத்தை விற்றது விற்றதுதான். கணினி, மின்கலம் போன்ற மின்கழிவை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். பின்வளவில் எரிக்கிற வேலை வேண்டாம்.

அனுமதி வந்த பிறகு பதிவேட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் ஒற்றைக் கோடு இழுத்து வெட்டி, அனுமதிக் கடிதத்தின் இலக்கத்தையும் திகதியையும் எழுதி, அதிபர் ஒப்பமிட வேண்டும். வெள்ளை மை பூசுவது, பக்கம் கிழிப்பது, பழைய புத்தகம் அழுக்காகிவிட்டது என்று அழகாகப் புதிதாக எழுதிவிட்டுப் பழையதை எறிவது எல்லாம் கூடாது. கடைசியாகச் சொன்னது நல்லெண்ணத்தில் செய்யப்படுவது, ஆனால் அதைப்போலச் சந்தேகம் கிளப்புவது வேறொன்றில்லை. புதுப் புத்தகம் தொடங்குவதென்றால் மீதியைக் கொண்டுவந்து, பழைய பக்க இலக்கத்தையும் குறித்து, இரண்டையும் வைத்திருங்கள்.

எக்ஸெல் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கொம்பியூட்டர் டீச்சர் என்றபடியால் ஆசை வரும், அது நல்லதும்கூட. "ஒன்பதாம் வகுப்பில் இருக்கிற மேசை எத்தனை, அவற்றில் தர உள்ளீட்டில் வாங்கியவை எவை" என்று கேட்டால் எக்ஸெல் ஒரு நொடியில் சொல்லும். புத்தகத்தில் தேடினால் ஒரு பாடவேளை போய்விடும். ஆனால் எக்ஸெலில் ஒப்பம் இல்லை, நேற்று மாற்றியதா இன்று மாற்றியதா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஆகவே மூலம் புத்தகம், எக்ஸெல் தேடுவதற்கு. நிரல்களை அதே ஒழுங்கில் வையுங்கள், புத்தகத்தின் பக்க இலக்கத்துக்கும் ஒரு நிரல் வையுங்கள், "எந்தக் காசு" நிரலில் ஒரே சொல்லை ஒரே எழுத்துக்கூட்டலில் பாவியுங்கள், இல்லாவிட்டால் வடிகட்டும்போது பாதி தப்பிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அச்செடுத்து அதிபரின் ஒப்பத்தோடு கோவையில் போடுங்கள். அதே நேரத்தில் பதிவேட்டின் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து ஒரு பிரதியை வலயத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். சுனாமி அள்ளிய பாடசாலைகளில் பொருளோடு பதிவேடும் போனது. என்ன இருந்தது என்று நிரூபிக்க ஒரு தாளும் மிஞ்சாமல் அதிபர்மார் நினைவிலிருந்து பட்டியல் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன்.

பொறுப்பை ஏற்பதா விடுவதா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதிபரிடம் எழுத்துமூல நியமனக் கடிதம் கேட்டு வாங்குங்கள். அதில் எந்தத் திகதியிலிருந்து என்று இருக்கட்டும். வாரத்தில் ஒரு பாடவேளையை இந்த வேலைக்கென்று நேரசூசியிலேயே ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். அலுமாரிச் சாவி இரண்டுதான் இருக்க வேண்டும், ஒன்று உங்களிடம், மற்றது முத்திரையிட்ட உறையில் அதிபரின் பெட்டகத்தில். மூன்றாவது சாவி ஒன்று எங்கேயோ இருக்கிறது என்று சேர் போகிற நேரத்தில் சொன்னால், பூட்டை மாற்றிவிட்டு எண்ணத் தொடங்குங்கள்.